கிளியோபாட்ரா பிரெஞ்சில் எழுதிய கடிதமும் அதை விலை கொடுத்து வாங்கிய கணித மேதையும்

கோணமானி எழுதியது:

பொறியியல் படித்தவர்களுக்குச் ‘சாஸ்லெஸ் தேற்றம்’ நினைவிருக்கலாம். திண்பொருள் ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எவ்வளவு கோணல்மாணலாக நகர்ந்திருந்தாலும், அந்த இடமாற்றத்தை ஓர் அச்சைச் சுற்றிய சுழற்சியாகவும் அதே அச்சின் வழியான நகர்வாகவும் சுருக்கிவிடலாம் என்கிறது அது. நாம் எழுத்துக்கூட்டிச் சாஸ்லெஸ் என்று படித்த பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஷால்’ என்று உச்சரிக்கிறார்கள். மிஷேல் ஷால் 1793இல் பிறந்தவர். பாரிஸ் சோர்போனில் வடிவியல் பேராசிரியர். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினர். 1865இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் மிக உயர்ந்த விருதான காப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. ஈபெல் கோபுரத்தின் மீது பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், இவ்வளவு துல்லியமாகச் சிந்தித்த ஒருவரை வேறு எந்தத் துறையிலும் எளிதில் காட்ட முடியாது என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தக் காப்ளி பதக்கம் கிடைத்த ஆண்டிலும், அதற்கு முன்பும் பின்பும், இந்த மனிதர் ஒருவரிடமிருந்து பழைய கடிதங்களை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். 1861 முதல் 1869 வரை அவர் வாங்கியவை 27,000க்கும் அதிகம். அவற்றுக்குக் கொடுத்த பணம் ஏறத்தாழ 1,40,000 பிராங்க். விற்றவர் துனி வ்ரான்-லூக்கா. எளிய குடும்பத்தில் பிறந்து, வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பாரிஸுக்கு வந்து நூலகங்களிலேயே பொழுதைக் கழித்தவர். புரட்சிக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பிரபு ஒருவரின் சேகரிப்பு இது என்றும், கப்பல் உடைந்ததில் தாள்கள் நனைந்துவிட்டன என்றும் அவர் சொன்னார். தாளில் இருந்த கறைகளுக்கு அதுவே விளக்கமாகிவிட்டது. உண்மையில் அவர் பழைய புத்தகங்களின் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றுத் தாள்களைக் கிழித்தெடுத்து, அவற்றில் தானே எழுதிக்கொண்டிருந்தார்.

யார் யார் எழுதிய கடிதங்கள் தெரியுமா? அலெக்சாந்தர் அரிஸ்டாட்டிலுக்கு எழுதியது. மகதலேனா மரியாள் லாசருவுக்கு எழுதியது. தங்கள் மகன் சீசரியோனை மார்செய் நகருக்கு அனுப்பலாம், அங்கே காற்றும் நல்லது, கல்வியும் நல்லது என்று கிளியோபாட்ரா சீசருக்கு எழுதியது. எல்லாம் காகிதத்தில், எல்லாம் பிரெஞ்சு மொழியில்! இதை இங்கே எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பிற்காலத்தவர் செய்த மொழிபெயர்ப்புப் பிரதிகள் இவை என்று ஷால் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனால் நான் இந்த இழையைத் தொடங்கியது கிளியோபாட்ராவுக்காக அல்ல. 1867 ஜூலையில் ஷால் அறிவியல் கழகத்தில் எழுந்து, ஈர்ப்பு விதியைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேயரான நியூட்டன் அல்லர், பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல்தான் என்று அறிவித்தார். கையில் பாஸ்கலின் கடிதங்கள் இருந்தன. பிரான்சின் அறிவுப் பெருமையில் அவருக்கு இருந்த ஆழ்ந்த பற்றைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தப் பற்றை லூக்கா உண்டாக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது, தளும்பிக்கொண்டிருந்தது. லூக்கா செய்ததெல்லாம் அது ஊற்றிக்கொள்ள ஒரு பாத்திரம் செய்து கொடுத்ததுதான்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. அந்தக் கடிதங்களின் தேதிப்படி, பாஸ்கல் ஈர்ப்பைப் பற்றி எழுதிய காலத்தில் நியூட்டன் பதினோரு வயதுச் சிறுவன் அல்லவா என்று கேட்டார்கள். சிறிது நாளில், அந்தச் சிறுவன் எத்தகைய அபூர்வப் பிறவி என்பதைக் காட்டும் புதிய கடிதங்கள் வந்து சேர்ந்தன. 1641இல் எழுதியதாகக் காட்டப்படும் கடிதத்தில் கண் வலிக்கிறது என்கிறாரே கலிலியோ, அவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பார்வை இழந்துவிட்டாரே என்றார்கள். அவர் அண்மையில்தான் பார்வை இழந்தார் என்று சொல்லும் கடிதமும் வந்தது. கிளாஸ்கோ வானாய்வகத்தின் ராபர்ட் கிராண்ட், பாஸ்கலின் கடிதத்தில் உள்ள எண்கள் நியூட்டனின் ‘பிரின்சிபியா’ மூன்றாம் பதிப்பில், அதாவது 1726இல் வெளிவந்த பதிப்பில் உள்ள எண்களோடு அப்படியே ஒத்துப்போகின்றன என்று காட்டினார். இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. ஷால் அசரவில்லை. அப்படியென்றால் நியூட்டன் பாஸ்கலிடமிருந்து திருடியிருக்கிறார் என்பதற்கு இதுவே சான்று என்றார்.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். இந்தப் பதிலை லூக்கா சொல்லிக் கொடுக்கவில்லை. இவ்வளவு நேர்த்தியான பதிலைச் சொல்லும் திறமையும் அவருக்கு இல்லை. அதை ஒரு கணித மேதையின் மூளைதான் உருவாக்க முடியும். ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவரை ஏமாற்றுகிறவன் வாதாட வேண்டியதே இல்லை. நம்புகிறவரே தம் முழுத் திறமையோடும் அவனுக்கு வக்கீலாகி, கட்டணமும் தாமே கொடுத்துவிடுகிறார். இதில் உங்கள் கருத்தையும், நீங்கள் அறிந்தவற்றையும் எழுதுங்கள்.


சாய்வுநாற்காலி எழுதியது:

சுவையான செய்திதான் ஐயா, ஆனால் நீங்கள் பழியைத் தவறான இடத்தில் போடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. 27,000 கடிதங்களை வாங்கியவர் நாட்டுப்பற்றினால் வாங்கவில்லை. அது சேகரிப்புப் பித்து. தபால்தலை சேர்ப்பவர், பழைய நாணயம் சேர்ப்பவர் எல்லாருக்கும் இது உண்டு. கிளியோபாட்ராவின் கடிதத்தில் பிரெஞ்சுப் பெருமை எங்கே வந்தது? ஆசை கண்ணை மறைத்தது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுகிறதே. இதற்கு ‘நம்பிக்கை’ என்ற பெரிய சொல் எதற்கு?


கோணமானி எழுதியது:

நியாயமான கேள்வி. கிளியோபாட்ரா மகனை எங்கே அனுப்பச் சொல்கிறாள் என்பதை மறுபடி பாருங்கள்: மார்செய்க்கு. அரிஸ்டாட்டிலுக்கு அலெக்சாந்தர் எழுதிய கடிதத்தில் பேசப்படுவது கால் நாடு, அதாவது இன்றைய பிரான்ஸ். உலகத்தின் பெரியவர்கள் எல்லாரும் பிரான்சை நோக்கியே தலை திருப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். லூக்கா தன் வாடிக்கையாளரை நன்றாகப் படித்திருந்தார்.

பித்து உண்டு என்பதை மறுக்கவில்லை. பித்து முதல் நூறு கடிதங்களை வாங்க வைக்கும். ஆனால் கழகத்தில் எழுந்து நின்று, கிராண்ட் போன்ற வானியலாளர்களோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டும் துணிவைப் பித்து கொடுக்காது. அதற்கு, தான் ஓர் அநீதியைத் திருத்துகிறேன் என்ற உறுதி வேண்டும்.

இன்னொரு விவரத்தை முதற்பதிவில் விட்டுவிட்டேன். 1869இல் லூக்கா கைதானதே ஷாலின் முயற்சியால்தான். அதுவும் கடிதங்கள் போலி என்று அவர் உணர்ந்ததால் அன்று. பணம் கொடுத்த பிறகும் 3,000 கடிதங்கள் வந்து சேரவில்லை. அவற்றை லூக்கா வெளிநாட்டில் விற்றுவிடுவாரோ, பிரான்சின் செல்வம் கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்து அவரைக் கண்காணிக்கச் சொன்னார். 1870 பிப்ரவரியில் வழக்கு நடந்தது. லூக்காவுக்கு 2 ஆண்டுச் சிறை. தாமும் நாட்டுப்பற்றோடு நடந்துகொண்டதாகவே அவர் தம் தரப்பில் சொன்னார் என்பது இந்தக் கதையின் கடைசிக் குறும்பு.


ராஜபாளையத்தான் எழுதியது:

பிரான்ஸ் வரை போவானேன்? எங்கள் ஊருக்குப் பக்கத்து இடையன்குளத்தை மறந்துவிட்டீர்களா? 1996இல் நான் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மூலிகைப் பெட்ரோல் என்ற சொல் வெளிவந்த அந்த வாரங்களில் ஊரில் வேறு பேச்சே கிடையாது. ராமர் பிள்ளை தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்து, குச்சியால் கலக்கி, மேலே மிதந்த திரவத்தைப் பற்றவைத்துக் காட்டினார். பள்ளிப் படிப்பைத் தாண்டாத கிராமத்து மனிதர் ஒருவர் உலகத்து எண்ணெய்க் கிணறுகளையெல்லாம் தூர்த்துவிடப் போகிறார் என்று நாங்கள் நம்பினோம். டெல்லியில் உயர்ந்த பதவியில் இருந்த அறிவியல் அதிகாரிகள் சிலரே முதலில் வியந்து பேசினார்கள் என்பதால், எங்கள் நம்பிக்கைக்கு முத்திரையும் கிடைத்துவிட்டது.

எங்கள் வேதியியல் ஆசிரியர் ஒருவர் மட்டும் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். இலையில் உள்ள கார்பன் எவ்வளவு, பெட்ரோலில் உள்ள கார்பன் எவ்வளவு, இலையின் எடையைவிடப் பெட்ரோலின் எடை அதிகமாக இருந்தால் மிச்ச கார்பன் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தண்ணீரில் கார்பன் கிடையாது என்பது எங்களுக்கும் தெரியும். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் நாங்கள் பேசிக்கொண்டது, இவருக்குத் தமிழன் முன்னேறினால் பிடிக்காது என்பதுதான். கணக்கில் தவறு எங்கே என்று நாங்கள் தேடவில்லை, ஆசிரியரின் மனத்தில் தவறு எங்கே என்று தேடினோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

குச்சி உள்ளே குடைவானது, அதனுள் எரிபொருளை நிரப்பி நுனியை மெழுகால் அடைத்திருந்தார்கள், கொதிநீரின் சூட்டில் மெழுகு உருகி எரிபொருள் மேலே வந்தது என்று அறிவியலாளர்கள் பின்னர் விளக்கினார்கள். நீங்கள் நினைப்பீர்கள், அத்தோடு எல்லாம் ஓய்ந்திருக்கும் என்று. ஓயவில்லை. எண்ணெய் நிறுவனங்களின் சதி என்று ஒரே வரியில் அந்த விளக்கம் கரைந்துபோனது. அதற்குப் பிறகு, 1999–2000 வாக்கில், அந்த எரிபொருள் சென்னையில் விற்பனைக்கே வந்தது. டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவையே அது என்று கூறி மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கும் வேறு சிலருக்கும் 3 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. இடையில் கழிந்தவை இருபது ஆண்டுகள். இன்றைக்கும் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் அந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், ‘அந்த மனுசனை அமுக்கிட்டாங்க’ என்று சொல்ல ஒருவராவது இருப்பார்.

கோணமானி ஐயாவின் ‘வக்கீல்’ என்ற சொல் எனக்குச் சரியாகப் படுகிறது. எங்களில் ஒருவருக்கும் அதில் ஒரு பைசா லாபம் இல்லை. ஆசையே இல்லாமல் ஏமாந்தோம் என்பதை நண்பர் சாய்வுநாற்காலி கவனிக்க வேண்டும். சித்தர் மண், மூலிகை மண், நம் பாட்டனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற பெருமிதம் மட்டுமே எங்களிடம் இருந்தது. அது கெட்ட குணம் என்று இன்றும் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.


அகல்விளக்கு எழுதியது:

நான் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். படிப்பும் கூர்மையும் இருந்தால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு எதிராக ஒரு சோதனையைச் சொல்லலாம். யேல் பல்கலைக்கழகத்தின் டான் காஹனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் ஒரே எண்களைக் கொண்ட அட்டவணையை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். சிலருக்கு அது தோல் தடிப்புக்குப் பூசும் களிம்பு பலன் தருகிறதா என்ற கணக்கு; சிலருக்குத் துப்பாக்கித் தடை குற்றத்தைக் குறைக்கிறதா என்ற கணக்கு. களிம்புக் கணக்கில், எண்களைக் கையாளத் தெரிந்தவர்கள் சரியாகச் செய்தார்கள். துப்பாக்கிக் கணக்கில், அதே ஆட்கள், சரியான விடை தங்கள் அரசியல் சார்புக்கு ஒத்துவந்தால் மட்டுமே அதைக் கண்டுபிடித்தார்கள். ஒத்துவராத இடத்தில் அவர்களுடைய கணக்குத் திறமை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. பின்னாளில் இதைத் திரும்பச் செய்தவர்கள் எல்லாருக்கும் ஒரே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் ஷாலின் கதையோடு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

ஷாலுக்கு ஒரு தம்பி உண்டு என்றால் அது ஆர்தர் கோனன் டாயில்தான். காலடி மண்ணைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர். பயிற்சி பெற்ற மருத்துவர். இறந்தவர்களோடு பேச முடியும் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் மகனையும் இழந்திருந்தார். இங்கிலாந்தின் காட்டிங்லி என்ற ஊரில் 16 வயது எல்சி, 9 வயது பிரான்சிஸ் என்ற இரண்டு சிறுமிகள் 1917இல் எடுத்த ‘தேவதை’ப் புகைப்படங்கள் அவர் கைக்கு வந்தபோது, அவற்றை மெய்யென்று 1920 கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் எழுதினார். சிறுமிகள் செய்தது இவ்வளவுதான்: ஒரு சிறுவர் புத்தகத்தில் இருந்த நடனப் பெண்களின் படத்தைப் பார்த்து வரைந்து, சிறகு சேர்த்து, அட்டையில் வெட்டி, தொப்பி ஊசியால் செடிகளில் குத்தி நிறுத்தினார்கள். 1914இல் வந்த அந்தப் புத்தகத்தில் டாயிலின் கதையும் ஒன்று இருந்தது! அதாவது மூலப்படம் அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கலாம்.

இன்னும் வேடிக்கை, ஒரு படத்தில் குள்ளன் உருவத்தின் வயிற்றில் ஊசியின் முனை புள்ளியாகத் தெரிந்தது. டாயில் அதைத் தொப்புள் என்று கொண்டு, தேவதைகளின் உலகத்திலும் நம்மைப் போலவே பிள்ளைப்பேறு உண்டு போலும் என்று முடிவுகட்டினாராம். பொய்யைக் காட்டிக்கொடுக்க வேண்டிய ஊசியே சான்றாகிவிட்டது. கிராண்ட் காட்டிய எண்கள் ஷாலுக்குச் சான்றானதைப் போலத்தான். அந்த இருவரும் 1983இல், முதுமையில்தான், படங்களைப் போலியாகச் செய்ததை ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய மனிதரை ஏமாற்றிவிட்ட பிறகு உண்மையைச் சொல்ல வெட்கமாகப் போய்விட்டது என்பது எல்சியின் விளக்கம். அந்தச் சிறுமிகள் மோசடிக்காரிகள் அல்லர் என்பதையும் கவனியுங்கள். நம்புகிறவர் போதிய வேகத்தில் ஓடி வந்தால், எதிரே மோசடிக்காரன் நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை.


தேன்மொழி எழுதியது:

வெகுநாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது இது. ஊர், பெயர் எதுவும் வேண்டாம்.

என் மாமா, அதாவது கணவரின் அப்பா, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அறுபது ஆண்டுகளாக ஒரு கார்த்திகை விரதத்தைக்கூட விட்டதில்லை. அவருடைய பஜனைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், கோவில் திருப்பணிக்காக நடத்தப்படும் நிதி என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார். மாதத் தவணை 2,100 ரூபாய். வட்டி என்ற சொல்லை அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை, ‘பிரசாதம்’ என்றுதான் சொல்வார். பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் முருகன் படம். நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவித்தான் கையில் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பூஜை அறை வாசலில் நின்று கண்மூடிக் கும்பிடுவார், வெள்ளிக்கிழமையென்றால் காபி வேண்டாம் என்பார். சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்ததே இல்லை என்று சொன்னால்தான் நேர்மையாக இருக்கும். மூன்றாம் மாதம் முதல் பிரசாதம் வரத் தொடங்கியது. பிறகு மாமா தம் ஓய்வுப் பணத்திலிருந்து 4 லட்சத்தை மொத்தமாகக் கொடுத்தார்.

ஒன்றரை ஆண்டில் எல்லாம் நின்றது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. கோணமானி ஐயாவின் பதிவைப் படித்ததும் புரிந்தது போல இருக்கிறது. ஆடியில் நல்ல காரியம் கிடையாது, ஆவணியில் தருவார் என்று மாமா சொன்னார். ஆவணி போயிற்று, திருப்பணிக்கு யாரோ இடைஞ்சல் செய்கிறார்கள் என்றார். அந்த ஆள் கைபேசியை அணைத்துவிட்டார் என்றதும், மௌன விரதமாக இருக்கும் என்றார். இவற்றில் ஒன்றைக்கூட அந்த ஆள் சொல்லவில்லை, நான் சத்தியம் செய்வேன். எல்லாம் மாமாவே சொன்னவை. தெருவில் பணம் போட்ட மற்றவர்கள் காவல் நிலையத்துக்குக் கிளம்பியபோது மாமா போகவில்லை. கடவுள் காரியத்தைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவர்களையும் தடுத்துப் பார்த்தார். அத்தோடு விடவில்லை, யார் யார் புகார் கொடுக்கிறார்கள் என்று அந்த ஆளின் மைத்துனரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். அதுதான் எங்கள் குடும்பத்துக்குத் தீராத தலைகுனிவு. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பணம் போனதைக்கூட மறந்துவிடலாம்.


சாய்வுநாற்காலி எழுதியது:

தேன்மொழி அம்மா, உங்கள் பதிவு என் முதல் வாதத்தை ஆட்டிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெரியவரிடம் இருந்தது ஆசையல்ல. ஆனாலும் ஓர் ஐயம் இருக்கிறது. இப்படியே பேசிக்கொண்டு போனால் பக்தன், தேசபக்தன், மொழிப்பற்றாளன் எல்லாரும் ஏமாளிகள். எதிலும் ஒட்டாமல் திண்ணையில் உட்கார்ந்து சிரிப்பவன்தான் அறிவாளி என்று ஆகிவிடாதா? என் போன்ற ஐயவாதிகள் ஏமாறுவதில்லையா?


ஹியூஸ்டன் வாசி எழுதியது:

ஐயம் கொண்டவர்களும் ஏமாறுவார்கள் என்பதற்கும், எதிரெதிர் நம்பிக்கைகள் இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியும் என்பதற்கும் நான் வாழும் நகரத்திலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு.

ஹியூஸ்டன் நகர மையத்தில் டிராவிஸ் வீதியில் உயரமான தூண்களோடு ஒரு பழைய வங்கிக் கட்டடம் இருக்கிறது. கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் அதை வாங்கிய பிறகு அது இஸ்லாமிய மையமாகிவிட்டது. 2016 மே 21ஆம் தேதி நண்பகலில் அதன் முன்னால் ஒரு கூட்டம், டெக்சாஸை இஸ்லாமியமயமாக்குவதை நிறுத்து என்று முழக்கமிட்டது. தெருவின் எதிர்ப்புறத்தில் இன்னொரு கூட்டம் அதற்கு எதிர்முழக்கம் இட்டது. நடுவில் காவல் துறை. முதற்கூட்டத்தை அழைத்தது ‘ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்’ என்ற பேஸ்புக் பக்கம். பின்தொடர்ந்தவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம். எதிர்ப்புறத்தை அழைத்தது ‘யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற பக்கம். அதற்கு மூன்று லட்சத்துக்கு மேல். 2017 நவம்பர் 1ஆம் தேதி அமெரிக்க செனட்டின் புலனாய்வுக் குழு விசாரணையில் வெளிவந்த செய்தி என்னவென்றால், இரண்டு பக்கங்களையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த ஒரே நிறுவனம். இரண்டு கூட்டங்களையும் தெருவுக்குக் கொண்டுவர விளம்பரத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 200 டாலர்.

அன்று வந்தவர்கள் யாரும் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். தங்கள் மண்ணைக் காக்கிறோம் என்று சிலர் வந்தார்கள், சக மனிதர்களைக் காக்கிறோம் என்று சிலர் வந்தார்கள். என் சொந்தச் சாய்வு இரண்டாவது கூட்டத்தின் பக்கம்தான். அந்த அழைப்பு என் திரையில் வந்திருந்தால் அழைத்தது யார் என்று பார்க்காமல் நானும் போயிருப்பேன். எதிர்ப்பக்கத்து அழைப்பாக இருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். சாய்வுநாற்காலி ஐயா, உங்கள் ஐயமும் எனது ஐயமும் பெரும்பாலும் எதிர்வீட்டை நோக்கியே கட்டப்பட்ட சன்னல்.


ராஜபாளையத்தான் எழுதியது:

வேதியியல் ஆசிரியர் மேல் எங்களுக்கு இருந்த ஐயமும் அதே சன்னல்தான்.


கோணமானி எழுதியது:

சாய்வுநாற்காலியின் கேள்வியைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பாஸ்கல் மேல் மதிப்பு வைத்ததற்காக ஷாலை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய கதையை மீண்டும் படித்தபோது, அவர் முன்னால் கிடந்தும் அவர் எடுத்துப் பார்க்காத சான்று ஒன்று என் கண்ணில் பட்டது. அது எந்தக் கடிதத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை; கடிதங்கள் வந்து சேர்ந்த நேரத்தில் இருந்தது. நியூட்டனின் வயதைக் கேட்டார்கள், சில நாளில் வயதைப் பற்றிய கடிதம் வந்தது. கலிலியோவின் கண்ணைக் கேட்டார்கள், கண்ணைப் பற்றிய கடிதம் வந்தது. இரு நூறாண்டுகளாகப் பெட்டியில் கிடந்த ஒரு சேகரிப்புக்கு, கழகத்தில் போன வாரம் எழுந்த கேள்வி எப்படித் தெரியும்? உண்மையான ஆவணக் காப்பகத்தில் தேடியவர்களுக்குத் தெரியும்: நாம் கேட்டது கிடைக்காது, கேட்காதது கிடைக்கும், கிடைத்ததில் பாதி நமக்கு எதிராக இருக்கும். ஷாலுக்குக் கிடைத்த 27,000 தாள்களில் ஒன்றுகூட அவரைச் சங்கடப்படுத்தவில்லை.

நான் இப்போது என்னளவில் செய்வது இந்தச் சிறு கணக்கை மட்டும்தான். எனக்குப் பிடித்த ஒரு கருத்துக்கு ஆதரவாக ஏதாவது வந்தால் அதன் உள்ளடக்கத்தை நான் சரியாக எடைபோட மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அதை விட்டுவிட்டு, இது எப்போது வந்தது, யார் கேட்டு வந்தது, இதே இடத்திலிருந்து எனக்குப் பிடிக்காத செய்தி எப்போதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பல நேரங்களில் இதையும் மறந்துவிடுகிறேன். சென்ற மாதம் குடும்ப வாட்ஸப் குழுவில் பண்டைத் தமிழர் வானியல் பற்றி வந்த ஒரு செய்தியை நானே நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் அழித்தேன். அதற்குள் அதில் ஒருவர் அதை அறுபது பேர் இருக்கும் குழுவில் போட்டிருந்தார், ‘கணக்கு வாத்தியாரே சொல்லிவிட்டார்’ என்ற குறிப்போடு.


அகல்விளக்கு எழுதியது:

அந்த அறுபது பேரிடமும் மறுப்பு போய்ச் சேர்ந்ததா ஐயா?


கோணமானி எழுதியது:

மறுப்பு எழுதினேன். அதை அந்தக் குழுவில் போடும்படி நான் கேட்டுக்கொண்ட நண்பர், நல்ல செய்தியை ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.


தேன்மொழி எழுதியது:

நேற்று இரவு இந்த இழையின் முதற்பதிவை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். உள்நோக்கம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. கிளியோபாட்ரா பிரெஞ்சில் எழுதினாள் என்ற இடத்தில் அவர் இருமல் வரும்வரை சிரித்தார். அவ்வளவு படித்த மனிதருக்கு இதுகூடவா தெரியவில்லை என்று இரண்டு முறை கேட்டார். புதிது புதிதாகக் கடிதம் வந்துகொண்டிருந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார்; கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தபடி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

குடித்துவிட்டு, ‘பாவம்மா அந்த வாத்தியாரு’ என்றார். பிறகு பூஜை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாஸ் புத்தகம் இன்னும் அங்கே, முருகன் படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ‘ஆனா நம்மளது வேற. புரட்டாசி கழியட்டும், அவர் வந்துருவாரு’ என்றார்.